நிழல் தப்பா விழுது

எம்மாவைக் கொன்றது யார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் பதிமூன்று வருஷம் தெரியாமலே இருந்தது.

எம்மா ரேவன்ஹர்ஸ்ட் ஒரு கணினி விளையாட்டின் கதாபாத்திரம். 2006-இல் பிக் ஃபிஷ் கேம்ஸ் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ரேவன்ஹர்ஸ்ட்'. இங்கிலாந்தில் ஒரு பாழடைந்த மாளிகை. ராணியார் கேட்டுக்கொண்டதன்பேரில் துப்பறிவாளராக நீங்கள் உள்ளே போகிறீர்கள். ஒவ்வோர் அறையிலும் கால் வைக்க இடமில்லாத அளவுக்குச் சாமான். திரையின் ஓரத்தில் ஒரு சொற்பட்டியல். பட்டியலில் இருப்பதைப் படத்தில் கண்டுபிடித்துச் சொடுக்கினால் அது மறையும். எல்லாம் கிடைத்துவிட்டால் எம்மாவின் நாட்குறிப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் படிக்கக் கிடைக்கும். கண்டபடி சொடுக்கித் தப்பிக்கலாம் என்று நினைத்தால் நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஹிட்டன் ஆப்ஜெக்ட் என்று உலகம் சொல்லும் இந்த வகைக்கு நாங்கள் வீட்டில் வைத்த பெயர் 'சாமான் தேடுற கேம்'.

2010-இல் எனக்கு வயது பதின்மூன்று. பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் கணினி இருந்தது. கடன் அட்டை இல்லை. இந்த விளையாட்டுகளை இலவசமாக இறக்கலாம், ஆனால் அறுபது நிமிடம்தான் ஓடும். அறுபதாவது நிமிடத்தில் திரை மூடிக்கொண்டு காசு கேட்கும். அம்மா நாற்காலியை விட்டு எழாமலே சொல்வார்: "சரி, அடுத்தத போடு."

இப்படி நாற்பது, ஐம்பது விளையாட்டுகளின் முதல் அறுபது நிமிடத்தை நாங்கள் விளையாடியிருப்போம். ராஜேஷ்குமார் நாவலைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு நிம்மதியாக ஆரம்பிக்கிற ஆள் அம்மா. இங்கே அவருக்குக் கடைசிப் பக்கமே கிடையாது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் நினைவில்லை. நான்தான் படுத்துக்கொண்டு யோசிப்பேன்: மாளிகையின் மேல்மாடியில் என்ன இருக்கும்? எம்மா செத்துவிட்டாளா?

வேலைக்குப் போய்ச் சம்பளம் வந்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பிடிவாதத்தில் இருபது விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கினேன். எல்லாவற்றையும் முடித்தேன். சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்: கொன்றவன் சார்ல்ஸ் டாலிமார். எம்மாவைக் காதலித்தான், அவள் மறுத்தாள், விஷம் வைத்து அவள் ஆவியை வீட்டுக்குள் பூட்டினான். நாட்குறிப்பை ஒழுங்காகப் படிக்கிற எவருக்கும் இது பாதியிலேயே தெரிந்துவிடும். 2008-இல் வந்த 'ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்' இதையே பெருக்குகிறது. இப்போது ரோஸ் என்ற இன்னொரு பெண்ணும் அவளுடைய இரட்டை மகள்களும் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அடைத்தவன் அதே ஆள். அந்த மாளிகையின் கதவுப் பூட்டுகள் மேல் எனக்கு ஒரு பொறியாளனின் பொறாமை உண்டு. உருண்டையும் சக்கரமும் கயிறும் ஒன்றையொன்று தட்டி, ஊரைச் சுற்றி வந்து, கடைசியில் தாழ்ப்பாளைத் தூக்கும். ஆனால் அந்தப் பூட்டுகளுக்குக் கொடுத்த யோசனையில் நாலில் ஒரு பங்குகூட உள்ளே பூட்டப்பட்ட பெண்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பட்டியலில் கடைசியாகக் கண்டுபிடிக்க வேண்டிய சாமான் மாதிரிதான் எம்மா இருக்கிறாள். கிடைத்ததும் மறைந்துபோகிறாள்.

பதிமூன்று வருஷக் காத்திருப்புக்கு இது போதவில்லை. மற்ற பத்தொன்பதும் இதைவிட மோசம். சபிக்கப்பட்ட நகை, மந்திரவாதி, இரட்டைச் சகோதரி. இருந்தும் அந்த முதல் அறுபது நிமிடங்கள் நன்றாகத்தான் இருந்தன. அது வெறும் சிறுவயது மயக்கமா என்று பார்க்க மறுபடி விளையாடினேன். இல்லை, இப்போதும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆக, முடிவு மோசமாக இருக்கிற ஒரு வகையை அதன் முடிவை வைத்து மதிப்பிடுவதில் அர்த்தமில்லை. வேறு எதை வைத்து மதிப்பிடுவது?

இதற்கு ஒரு அளவுகோல் அம்மாவிடம் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது.

அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தார். 1972-இல் அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. பெருநிலத்தில் இருக்கிற எங்கள் மாதிரிக் குடும்பங்களின் பெண்களைத் தொழிற்சாலை பஸ்தான் பாலம் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனது. அம்மாவின் பிரிவுக்குப் பெயர் விஷுவல். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஒரு போர்டு வரும். ஈயம் இரண்டு கால்களை ஒட்டியிருக்கிறதா, ஏதாவது சாமான் விழுந்துபோயிருக்கிறதா, நிற்க வேண்டியது சாய்ந்திருக்கிறதா, படுக்க வேண்டியது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அடுத்த போர்டு. பன்னிரண்டு மணி நேரம்.

அதனால் வீட்டில் அவரோடு போட்டி போட முடியாது. நான் பட்டியலைப் படித்துவிட்டுப் படத்தில் தேடுவேன். அவர் பட்டியலைப் பார்க்கவே மாட்டார். கீழ் வலது மூலையில் ஆரம்பித்து, வரிவரியாக, உழுகிற மாடு மாதிரித் திரும்பித் திரும்பி மேலே வருவார். சேராத ஒன்றைக் கண்டதும் விரலை வைப்பார்: "இங்க ஏதோ இருக்கு. என்னான்னு பாரு." நான் பட்டியலில் அதற்குரிய சொல்லைத் தேடிச் சொடுக்குவேன். அவர் படத்தைப் படித்தார், நான் சொல்லைப் படித்தேன்.

சில விளையாட்டுகளை மட்டும் ஐந்து நிமிடத்தில் மூடச் சொல்லிவிடுவார். "இது கள்ளாட்டம். நிழல் தப்பா விழுது."

அப்போது எனக்கு விளங்கவில்லை. இருபது விளையாட்டுகளையும் வரிசையாக முடித்தபோதுதான் விளங்கியது. மலிவாகச் செய்த விளையாட்டில் அறையை ஒருவர் வரைந்திருப்பார், சாமான்களை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியிருப்பார்கள். ஜன்னல் இடப்பக்கம் இருக்கும், கத்தரிக்கோலின் நிழலும் இடப்பக்கமே விழும். நாற்காலியை விடப் பெரிய எலுமிச்சம்பழம். ஒட்டியது கண்ணில் படாமல் இருக்க, அதைப் பாதி வெளிறவைத்துச் சுவரோடு கரைத்துவிடுவார்கள். அது ஒளித்து வைப்பது இல்லை, அழிப்பது. தெரியாத ஒன்றைத் தேடச் சொல்வதில் என்ன விளையாட்டு இருக்கிறது? ஒளித்து வைக்கத் தெரிந்தவர் பாம்பை மாடிப்படிக் கைப்பிடியின் வளைவிலேயே படுக்கவைப்பார். அது முழுசாக, பட்டவர்த்தனமாக உங்கள் முன்னாலேயே இருக்கும். நீங்கள்தான் கைப்பிடி என்று பெயர் வைத்துக் கடந்து போயிருப்பீர்கள். கண்டுபிடித்ததும் சிரிப்பு வரும், தன் மேலேயே. அந்தச் சிரிப்பு வருகிறதா என்பதுதான் அம்மாவின் முதல் சோதனை.

இரண்டாவது சோதனை நான் சேர்த்தது: கண்டுபிடித்த பிறகு அந்தச் சாமானுக்கு என்ன ஆகிறது? இந்த வகை வளர்ந்த விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்' காலத்திலிருந்து கண்டெடுத்ததைப் பையில் வைத்துக்கொண்டு வேறோர் இடத்தில் பயன்படுத்துவது கூடியது. நல்ல யோசனை. ஆனால் சீக்கிரமே அது ஒரு சடங்கானது. கொடியை வெட்ட அரிவாள் வேண்டும். அரிவாளுக்காக ஒரு குவியலுக்குள் பன்னிரண்டு பொருளைத் தேடுகிறீர்கள். பதினொன்று காற்றில் மறையும், அரிவாள் மட்டும் பையில் விழும். கொடியை வெட்டுகிறீர்கள். அரிவாளும் மறையும். அடுத்த திரையில் கயிற்றை அறுக்க வேண்டும், அதற்கு ஒரு கத்தி தேட வேண்டும். கையில் வைத்திருந்த அரிவாளை எங்கே போட்டேன் என்று எந்தத் துப்பறிவாளரும் கேட்பதில்லை. அந்தப் பதினொன்று எதற்கு? ஒரு பியானோவுக்குப் பக்கத்தில் எதற்கு வாத்து, எதற்கு மணற்கடிகாரம்? அந்த வீட்டில் வாழ்ந்தவரைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

போலந்தின் ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனம் 2011-இல் செய்த 'எனிக்மாடிஸ்: தி கோஸ்ட்ஸ் ஆஃப் மேப்பிள் கிரீக்' இந்தச் சடங்கிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. ஆனாலும் ஒரு படி மேலே வைக்கிறேன். காரணம், அதில் ஒரு தடயப் பலகை உண்டு. கிடைத்த தடயங்களை நாமே அதில் பொருத்தி, எது எதோடு சேரும் என்று யோசிக்க வேண்டும். நினைவிழந்த துப்பறிவாளர், காணாமல்போன பெண் என்று கதை பழையதுதான். ஆனால் கண்டெடுத்தது சுவரில் நிற்கிறது, காற்றில் மறைவதில்லை. நான் இதைத் தேடினேன், அதனால் இதை அறிந்தேன் என்ற ஒரு சின்னத் தொடர்பு அங்கே கிடைக்கிறது. தமிழில் பொருள் என்றால் சாமானும்தான், அர்த்தமும்தான். பெரும்பாலான பொருள் தேடும் விளையாட்டுகள் முதல் அர்த்தத்தோடு நின்றுவிடுகின்றன.

சொல் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆங்கிலம் வந்த வழிகளில் இந்தப் பட்டியல்களும் ஒன்று. திம்பிள் என்றால் தையல்காரர் விரலில் மாட்டுவது என்பதைத் தமிழ்ப் பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை, இடைநிலைப் பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. பட்டியலில் கடைசியாக மிஞ்சிய சொல்லும் படத்தில் கடைசியாக மிஞ்சிய சாமானும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அப்படிக் கற்றதுதான். பட்டியல் போடுகிறவர்கள் சிலேடைக்காரர்கள் வேறு. 'பேட்' என்று போட்டிருக்கும். கிரிக்கெட் மட்டையைத் தேடிக்கொண்டே இருப்போம், வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். 'போ' என்றால் வில்லா, தலையில் கட்டுகிற ரிப்பனா? இதைத் தமிழில் செய்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். 'படி' என்று ஒரு சொல் போதும். ஏணிப்படியா, அரிசி அளக்கிற படியா? 'மாலை' என்று போட்டுவிட்டு, கழுத்து மாலை எதுவும் வைக்காமல், ஜன்னலில் செவ்வானத்தை மட்டும் வரைந்து வைக்கலாம். அம்மா திட்டுவார்.

ஒரு கிளைக்கதை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறுகதைப் பட்டறைக்குத் தோட்டத்துக் கதை ஒன்று எழுதிக்கொண்டு போனேன். லயத்து வீடு, பெரட்டுக்களம், உளி, மங்கு, காண்டா வாளி, ஆயாக் கொட்டகை, மண்ணெண்ணெய் விளக்கு, எல்லாம் வைத்திருந்தேன். நான் தோட்டத்தில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. பாட்டி சொன்னதையும் மற்றவர்களின் கதைகளில் படித்ததையும் கொண்டுவந்து அடுக்கியிருந்தேன். படித்த ஒருவர், "சாமான் எல்லாம் இருக்கு, வீட்லதான் ஆள் இல்ல" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது பார்த்தால், நான் எழுதியது அப்பட்டமான ஹிட்டன் ஆப்ஜெக்ட் காட்சி. வாசகர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 'மங்கு இருக்கு, உளி இருக்கு' என்று டிக் அடிக்கலாம். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று நான் பார்க்கவில்லை. நம்மூரில் எழுதப்படும் தோட்டத்துக் கதைகளில் பாதி இப்படித்தான் இருக்கிறது என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். என் கதையை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இனிக் கைத்தொலைபேசி. 2017-இல் பெர்லினின் வூகா நிறுவனம் வெளியிட்ட 'ஜூன்ஸ் ஜர்னி' இன்றைக்கு இந்த வகையில் மிகவும் பிரபலமானவற்றில் ஒன்று. 1920-களின் உடைகள், அழகான வரைகலை. நிழல்களும் சரியாக விழுகின்றன. அம்மாவின் போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன். முதல் வாரம் சந்தோஷமாக விளையாடினார். ஆனால் அதன் அமைப்பு இப்படி: ஒரு காட்சியில் எல்லா நட்சத்திரங்களும் வாங்க அதே காட்சிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் சக்தி என்று ஒன்று செலவாகும். அது தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு. இடையில் ஒரு தீவை அலங்கரிக்க வேண்டும், போதுமான பூ சேர்ந்தால்தான் அடுத்த காட்சி திறக்கும். ஆறாவது தடவை அதே அறைக்கு வரும்போது நாம் தேடுவதில்லை, எது எங்கே என்று கைக்கே தெரியும். வேகம்தான் மதிப்பெண். மூன்றாவது வாரம் அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"எடுத்துரு தம்பி. இது வேல மாதிரி இருக்கு."

அவர் சொன்னது உவமை இல்லை. ஒரே போர்டை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்த்தோம் என்று எண்ணிக் கணக்கு எழுதின ஆள் அவர். இந்த வகையில் பெயர் பெற்ற நிறுவனங்கள் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தால் ஆச்சரியமும் இல்லை. 2018-இல் பிக் ஃபிஷ்ஷைச் சூதாட்ட இயந்திரங்கள் செய்யும் ஆஸ்திரேலியாவின் அரிஸ்டோகிராட் 99 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே வருஷம் வூகாவை வாங்கிய பிளேடிகாவும் கைபேசி ஸ்லாட் விளையாட்டுகளில் வளர்ந்த நிறுவனம். அறுபது நிமிடத்தில் கதவைச் சாத்தின பழைய ஏற்பாடே பரவாயில்லை போலிருக்கிறது. அது ஒரு தடவைதான் காசு கேட்டது.

இங்கே என் வேலையைப் பற்றியும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. நான் ஏ.ஓ.ஐ. பொறியாளன். கேமரா வைத்துப் போர்டைப் பரிசோதிக்கும் இயந்திரத்துக்கு எது சரி, எது தப்பு என்று சொல்லிக் கொடுக்கிறவன். குறையில்லாத ஒரு மாதிரிப் போர்டை அதற்குக் காட்டுவோம். கோல்டன் போர்டு என்று பெயர். மற்ற எல்லாவற்றையும் அது அதோடு ஒப்பிடும். 2016-இல் அம்மாவின் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட இயந்திரங்கள் வந்தபோதுதான் விஷுவல் பிரிவைக் குறைத்தார்கள். பேக்கிங் போகலாம் அல்லது வி.எஸ்.எஸ். எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா வி.எஸ்.எஸ். எடுத்தார். அந்தக் காசில்தான் என் பல்கலைக்கழக முதல் இரண்டு வருஷம் ஓடியது. அதில் படித்து நான் இந்த வேலைக்கு வந்தேன். இதை எங்கள் வீட்டில் யாரும் இந்த வரிசையில் வைத்துச் சொல்வது கிடையாது.

ஒரு தடவை அம்மாவே கேட்டார். "ஒன் மெஷின் தப்புன்னு சொன்னா உடனே தூக்கிப் போட்ருவாங்களா?"

"இல்லம்மா. சில நேரம் சரியானதையும் தப்புன்னு சொல்லும். ஒருத்தவங்க ஸ்கிரீன்ல பாத்து ஓகேவா இல்லையான்னு அமுக்குவாங்க."

"எத்தன மணி நேரம்?"

"பன்னெண்டு."

"அப்ப அதே வேலதான். மைக்ராஸ்கோப்புக்குப் பதிலா ஸ்கிரீனு."

முழுக்க அதே வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மா போர்டு முழுவதையும் உழுது தானே கண்டுபிடித்தார். இப்போது உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு இயந்திரம் வட்டம் போட்டுக் காட்டிவிடும், அவர் ஆம் இல்லை சொல்ல வேண்டும். இந்த விளையாட்டுகளில் சுலப நிலையைத் தேர்ந்தெடுத்தால் சாமான் இருக்கிற இடத்தில் மினுமினு என்று ஒளி மின்னும், ஹின்ட் பொத்தான் சட்டென்று நிரம்பிக்கொள்ளும். கவனித்துப் பார்த்தால் அதுவும் இந்த வேலையே. மினுக்கம் எங்கேயோ அங்கே சொடுக்கு. படத்தைப் பார்க்கவே தேவையில்லை. மினுக்கத்தை அணைத்துவிட்டுத்தான் இந்த விளையாட்டுகளை மதிப்பிட வேண்டும் என்று விமர்சனம் எழுதுகிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அணைத்த பிறகும் ஓர் அறையில் பத்து நிமிடம் நிற்க மனம் வந்தால் அது நல்ல விளையாட்டு.

அப்படி நிற்கவைத்தவை சில உண்டு. 2017-இன் 'ஹிட்டன் ஃபோக்ஸ்' கறுப்பு வெள்ளையில் கையால் வரைந்தது, ஓசைகளை எல்லாம் வாயாலேயே எழுப்பியிருக்கிறார்கள். தேட வேண்டியவரைப் பற்றி ஒற்றைச் சொல் தராமல், அவர் எப்படிப்பட்டவர், எங்கே இருப்பார் என்று ஒரு வரிக் குறிப்பு தருகிறது. கூடாரத்தைத் திறக்கலாம், புதரை விலக்கலாம். அம்மாவுக்கு வாய் ஓசைகள் பிடித்தன, எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்றார்.

ஆனால் என் பதிமூன்று வருஷக் கடனை அடைத்தது 2022-இல் லாத்வியாவைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் செய்த 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்'. இதைக் கறாராகப் பார்த்தால் ஹிட்டன் ஆப்ஜெக்ட் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு இது அந்த வகையின் ஒழுங்காகப் படித்து முன்னேறிய பிள்ளை. பதினெட்டாம் நூற்றாண்டு. ஒரு பொற்சிலையைச் சுற்றி வரிசையாகச் சாவுகள். ஒவ்வொரு சாவும் அந்த நொடியில் உறைந்து நிற்கிறது. ஆட்களின் சட்டைப் பைகளைத் துழாவலாம், கடிதங்களைப் படிக்கலாம். தேடிக் கிடைப்பவை சாமான்கள் இல்லை, சொற்கள்: ஒரு பெயர், ஒரு கருவி, ஒரு வினை. அவற்றை வைத்து, நடந்ததைச் சொல்லும் ஒரு பத்தியில் காலியிடங்களை நிரப்ப வேண்டும். படத்தில் இருப்பதையும் பட்டியலில் இருப்பதையும் நாம்தான் வாக்கியமாகக் கட்ட வேண்டும். எந்தச் சட்டைப் பையிலும் பதினோரு வெட்டிச் சாமான் கிடையாது. கடன் பத்திரம் இருந்தால் அவன் கடனாளி. (2023-இல் வந்த இரண்டு கூடுதல் பகுதிகளில் ஒன்று கற்பனையான ஒரு லங்கா ராஜ்யத்தில் நடக்கிறது, இன்னொன்றின் பெயரிலேயே லெமூரியா இருக்கிறது. நம் ஆட்களுக்குக் காது நிமிரும். ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம், ஐரோப்பியனின் பேராசைதான் அதன் விஷயம்.)

குறை இல்லாமல் இல்லை. முகங்களை வேண்டுமென்றே கோணலாக வரைந்திருக்கிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. பிற்பகுதியில் சில வழக்குகள் யோசிப்பதை விட்டு நிரப்பிப் பார்த்தல் ஆகிவிடுகின்றன, ஏனென்றால் இரண்டோ அதற்குக் குறைவாகவோ தப்பு இருந்தால் விளையாட்டே சொல்லிவிடும். அந்த நேரத்தில் எல்லாரும் சொற்களை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்துவிடுவோம். நானும்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை டிவியில் இணைத்து அம்மாவோடு உட்கார்ந்தேன். சொற்கள் எல்லாம் ஆங்கிலம், அதுவும் பழைய ஆங்கிலம். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கீழ் வலது மூலையிலிருந்து ஆரம்பித்தார். நான் கடிதங்களை வைத்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கிப் பத்தியை நிரப்பினேன். இரண்டோ அதற்குக் குறைவாகவோ தப்பு என்று வந்தது. பெயரை மாற்றினேன். மறுபடியும் தப்பு. இன்னொரு பெயர்.

"சும்மா அமுக்காத. அவன் பையில என்னா இருந்திச்சி, திரும்பக் காட்டு."

காட்டினேன். மணி பதினொன்று ஆகியிருந்தது, மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். இதை விட்டுவிட்டு வேறு சுலபமானது போடட்டுமா என்று கேட்டேன்.

"அடுத்தத போடாத," என்றார். "இத முடி."